டிராம் வண்டியும் காந்த ஊசியும்

குழந்தைகளே! ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டி என்ற ஊர் இருக்கிறது. நைட்டி தைப்பதற்குப் பெயர் பெற்ற ஊர். தெருவில் நடந்தால் தையல் இயந்திரச் சத்தம் கேட்கும். அங்கே உங்களுக்கு மாமா, அத்தை யாராவது இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சின்ன திசைகாட்டியைத் தரையில் வையுங்கள். ஊசி வடக்கே பார்த்து நிற்கும். அதையே மெல்லத் தையல் இயந்திரத்தின் அருகில் கொண்டு போங்கள். ஊசி திசை மாறித் திரும்பும்! இயந்திரத்தில் உள்ள இரும்புதான் காரணம்.

இந்தத் தொந்தரவுக்காகவே ஓர் ஆய்வுக்கூடத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அவர் பெயர் நானாபாய் ஆர்தேஷிர் பிராம்ஜி மூஸ்.

மூஸ் 1859ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். கட்டடப் பொறியியல் படித்தார். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். ஊர் திரும்பியவர் பம்பாயின் தென்கோடியில் உள்ள கொலாபா ஆய்வகத்தில் சேர்ந்தார். 1896இல் அதன் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

அந்த ஆய்வகத்தில் என்ன வேலை தெரியுமா? பூமியே ஒரு பெரிய காந்தம் அல்லவா? அதன் பலம் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், குறையும். அதை அளப்பதுதான் வேலை. மெல்லிய இழையில் ஒரு காந்தத்தைத் தொங்கவிடுவார்கள். அதோடு ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். காந்தம் இம்மியளவு அசைந்தாலும், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அசையும். மெதுவாகச் சுழலும் புகைப்படத் தாளில் அந்த ஒளி கோடாகப் பதியும். இப்படிப்பட்ட கருவிகள் வருவதற்கு முன்பே, 1846 முதல், கண்ணால் பார்த்து அளந்து எழுதிய கணக்கும் அங்கே இருந்தது.

அப்போதுதான் சிக்கல் வந்தது. பம்பாயில் அதுவரை குதிரைகள்தான் டிராம் வண்டிகளை இழுத்தன. அவற்றை மின்சாரத்தில் ஓட்ட அரசு முடிவு செய்தது. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் கசியும். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப் புலமும் உண்டாகும். பிறகு கருவி பதிவு செய்வது பூமியின் அசைவா, டிராமின் அசைவா என்று யார் சொல்ல முடியும்? அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்த கணக்கு அறுந்துபோகும்.

டிராம் வேண்டாம் என்று மூஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஊருக்கு டிராமும் வேண்டும், கணக்கும் தொடர வேண்டும். அதற்கு ஆய்வகத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று வலியுறுத்தினார். பம்பாயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலிபாக் தேர்வானது. அங்கே காந்தத் தன்மை இல்லாத போர்பந்தர் கல்லைக் கொண்டு கட்டடம் எழுந்தது. இரும்பு ஆணிகூடக் கூடாது. பித்தளையும் செம்பும்தான்!

இனிதான் முக்கியமான இடம். புதுக் கட்டடம் தயாரானதும் பழையதை மூஸ் மூடிவிடவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு ஆண்டுகள், இரண்டு ஊர்களிலும் ஒரே சமயத்தில் அளந்தார். ஏன்? புதுத் தராசு வாங்கிய கடைக்காரர் ஒரே பொருளைப் பழைய தராசிலும் புதிய தராசிலும் நிறுத்துப் பார்ப்பார் அல்லவா? எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால்தான் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் சேர்க்க முடியும். 1907இல் பம்பாயில் மின்சார டிராம் ஓடியது. கணக்கு அறுபடவில்லை.

1846 முதல் 1905 வரையிலான 60 ஆண்டு அளவுகளைத் தொகுத்து, ஆராய்ந்து, 1910இல் நூலாகவும் வெளியிட்டார் மூஸ். 1919இல் ஓய்வு பெற்ற அவர் 1936இல் மறைந்தார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்கிறீர்களா? மூஸ் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1859 செப்டம்பர் தொடக்கத்தில், சூரியனில் பெரிய வெடிப்பு ஏற்பட்டது. அங்கிருந்து மின்னேற்றத் துகள்கள் பாய்ந்து வந்து பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்கின. தந்திக் கம்பிகள்கூடத் தடுமாறின. அந்தப் புயலின் அளவு கொலாபா கணக்கில் பதிவாகியிருந்தது. 2003இல் இந்திய, வெளிநாட்டு விஞ்ஞானிகள் அந்தப் பழைய பதிவை வைத்துத்தான் புயல் எவ்வளவு கடுமையானது என்று கணக்கிட்டார்கள்.

அலிபாக்கில் இன்றும் அளக்கிறார்கள். அதை நடத்தும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்குச் செட்டியார்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி அருகிலும் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு.

2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத்திலும் காந்தமானி இருக்கிறது. அதை 6 மீட்டர் நீளமுள்ள ஒரு கையில் பொருத்தி, கலத்தைவிட்டுத் தள்ளி நீட்டி வைத்திருக்கிறார்கள். கலத்தின் சொந்தக் காந்தம் அளவைக் கெடுத்துவிடக் கூடாது அல்லவா? அன்று மூஸ் டிராமைவிட்டுத் தள்ளிப் போனதும் இதற்காகத்தான்.

திசைகாட்டிச் சோதனையை மறக்காமல் செய்து பாருங்கள், குழந்தைகளே! ஊசி எவ்வளவு தூரத்தில் திரும்பத் தொடங்குகிறது என்று அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.