அறிஞர் கொந்தோர்சே

அரசனுக்காகக் குடிகளா, குடிகளுக்காக அரசனா என்னும் வினா பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாக் கண்டமெங்கும் ஓங்கி எழுந்தது. ஆளும் உரிமை பிறப்பினால் வருவது என்ற பழங்கொள்கையை அக்காலத்துத் தத்துவ அறிஞர் பலர் ஆராய்ந்து மறுத்தனர். பகுத்தறிவு மக்கள் யாவர்க்கும் பொது. ஆதலின் உரிமையும் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. மாந்தெஸ்கியு, வால்டேர், ரூசோ என்போர் நூல்கள் பல எழுதி, 1789ஆம் ஆண்டில் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியைக் காணாமலே மறைந்தனர். அவ்வறிஞர் மரபில் வந்து, புரட்சியையும் கண்டு, தாம் எழுதியதைச் சட்டமாக்கச் சபையில் அமர்ந்து முயன்று, அம்முயற்சியிலேயே உயிரிழந்தவர் ஒருவர் உளர். அவரே கொந்தோர்சே. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கொந்தோர்சே 1743ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17ஆம் நாள், பிரான்ஸ் தேசத்தின் வடபாலுள்ள ரிப்மோன் என்னும் சிற்றூரில், பிரபுக் குடும்பமொன்றிற் பிறந்தார். குதிரைப்படைத் தலைவராயிருந்த தந்தையார், மகவு பிறந்த சில வாரங்களுக்குள் இறந்துபட்டார். ரேம்ஸ் நகரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியிலும், பின்னர்ப் பாரிஸ் மாநகரில் நவார் கலாசாலையிலும் இவர் பயின்றார். குடும்பத்தார் இவரைப் படைத்தொழிலுக்கு அனுப்ப விழைந்தனர். இவர் உள்ளமோ கணிதத்திற் படிந்தது. 1765ஆம் ஆண்டில் தொகை நுண்கணிதம் பற்றி இவர் எழுதிய நூல் அறிஞரது பாராட்டைப் பெற்றது. 1769இல் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராகி, 1776இல் அதன் நிரந்தரச் செயலாளராக உயர்ந்தார்.

இவர் நண்பராகிய தூர்கோ என்பார் 1774இல் மன்னனின் நிதியமைச்சரானார். தானிய வாணிகத்திலிருந்த தடைகளை நீக்குதல், கூலியின்றி உழவரைச் சாலை வேலையில் ஈடுபடுத்தும் வழக்கை ஒழித்தல் முதலிய சீர்திருத்தங்களை அவர் மேற்கொண்டார். கொந்தோர்சே நாணயச்சாலையின் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்ந்து நண்பருக்குத் துணை நின்றார். ஆயினும் சலுகை பெற்றோரது எதிர்ப்பு வலுக்கவே, மன்னன் 1776ஆம் ஆண்டு மே மாதத்தில் தூர்கோவை விலக்கினான். நல்லமைச்சர் ஒருவர் செய்ததை மன்னனது ஒரு சொல் அழிக்கவல்லதாயின், நாட்டின் நலத்தை ஒருவன் விருப்பத்தில் விட்டுவைத்தல் தகுமோ? இவ்வினா கொந்தோர்சேயின் பிற்கால முயற்சிகள் அனைத்திலும் ஊடுருவி நிற்பதாக நாம் கருதுகின்றோம்.

அங்ஙனமாயின் பலர் கூடி முடிவு செய்தலே போதுமோ? அதனையும் அவர் கணித முறையால் ஆராய்ந்து 1785இல் ஒரு நூல் வெளியிட்டார். தனித்தனியே ஆராயும் ஒவ்வொருவரும் பெரும்பாலும் சரியாகத் தீர்மானிப்பவராயின், கூடுவோர் தொகை பெருகப் பெருகப் பெரும்பான்மையோர் முடிவு உண்மையை அணுகும். அவர்கள் பெரும்பாலும் தவறுவோராயின், தொகை பெருகப் பெருகத் தவறே உறுதிப்படும் என்பது அந்நூலின் கருத்துக்களுள் ஒன்று. வேறொரு சிக்கலும் அதில் விளக்கப்பட்டது. ஓர் ஊரில் மூவர் கூடிச் சாலை, கிணறு, பள்ளி என்னும் மூன்றனுள் எதை முதலில் அமைப்பது என ஆராய்வதாகக் கொள்வோம். ஒருவர் சாலை, கிணறு, பள்ளி என்ற வரிசையிலும், மற்றொருவர் கிணறு, பள்ளி, சாலை என்ற வரிசையிலும், மூன்றாமவர் பள்ளி, சாலை, கிணறு என்ற வரிசையிலும் விரும்புகின்றனர். இரண்டிரண்டாக வாக்கெடுப்பின், சாலை கிணற்றை வெல்லும்; கிணறு பள்ளியை வெல்லும்; பள்ளியோ சாலையை வெல்லும்! ஆகவே வாக்குகளை எண்ணுதல் மட்டும் நீதியாகாது. எண்ணும் முறையும் செம்மையாதல் வேண்டும், வாக்களிப்போரும் தெளிந்த அறிவினராதல் வேண்டும்.

உரிமை யாவர்க்கும் பொது என்ற சொல்லைப் பலர் கூறினர். அதன் முழுப் பொருளையும் ஏற்றவர் சிலரே. அச்சிலருள் கொந்தோர்சே முதல்வரிசையில் நின்றார். 1781இல் புனைபெயரில் வெளியிட்ட நூலில், நீக்ரோவரை அடிமை கொள்ளுதல் வெறும் குற்றமே என்று வாதித்தார். 1790இல் பெண்களுக்கும் குடியுரிமை வேண்டுமெனக் கட்டுரை வரைந்தார். அறிவும் நன்மை தீமையை உணரும் ஆற்றலுமே உரிமைக்கு அடிப்படை. அவை பெண்களுக்கும் உள. மகப்பேற்றைக் காரணங் காட்டி உரிமையை மறுப்போமாயின், குளிர்காலந்தோறும் நோயுறும் ஆடவருக்கும் மறுத்தல் வேண்டுமன்றோ என்று வினவினார். 1786இல் அவர் மணந்த சோபி தெ குரூஷி அம்மையார் தாமும் சிறந்த கல்வியுடையவர். ஆதாம் ஸ்மித்தின் அறவுணர்ச்சி பற்றிய நூலைப் பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தவர்.

1791இல் கொந்தோர்சே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண் பெண் இருபாலாருக்கும் இலவசக் கல்வி அளிக்கவும், ஆட்சியாளரின் தலையீடின்றிக் கல்வியை நடத்தவும் அவர் வகுத்த திட்டத்தை 1792ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் நாள் சபையிற் படிக்கத் தொடங்கினார். அந்நாளிலேயே மன்னன் சபைக்கு வந்து ஆஸ்திரியாவின்மீது போர் தொடுக்கும் யோசனையைக் கொணர்ந்தான். கல்வித் திட்டத்தின் எஞ்சிய பகுதி மறுநாள் படிக்கப்பட்டது. போர் ஆரவாரத்தில் அது செயற்படாமலே நின்றது.

மன்னன் குற்றவாளியென விசாரிக்கப்பட்டபோது, கொந்தோர்சே மரண தண்டனையை எவர்க்கும் விதித்தல் ஆகாது என்ற கொள்கையினின்றும் வழுவவில்லை. 1793ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் முன்வைத்த அரசியலமைப்பு ஆடவர் எல்லார்க்கும் வாக்குரிமை நல்கியது. தாம் வாதித்த பெண்ணுரிமையை அதிற் சேர்க்கவில்லை என்ற குறையையும் நாம் மறைத்தற்கில்லை. அத்திட்டம் கைவிடப்பட்டு, வேறொன்று விரைவில் நிறைவேறியது. அதனைக் கண்டித்து எழுதியமையால் ஜூலை மாதம் 8ஆம் நாள் அவரைச் சிறைப்படுத்த ஆணை பிறந்தது.

வெர்னே என்னும் கைம்பெண் அம்மையார், தம் உயிருக்கு நேரும் இடரைப் பொருட்படுத்தாது, பாரிஸிலிருந்த தம் இல்லத்தில் அவரை எட்டு மாதங்களுக்கு மேல் மறைத்து வைத்தார். அவ்வறையிலிருந்தே கொந்தோர்சே தம் இறுதி நூலை எழுதினார். தம்மை வேட்டையாடும் அரசின்மீது வசை பாடும் நூலன்று அது. மனித அறிவு படிப்படியாக வளர்ந்த வரலாற்றை ஒன்பது காலங்களாகப் பகுத்து, அறியாமையும் அடிமைத்தனமும் ஒழியும் பத்தாம் காலத்தை எதிர்நோக்கும் நூல். அவர் மறைந்து வாழ்ந்த அந்நாட்களிலேயே, 1794 பிப்ரவரி 4ஆம் நாள், அவரைத் தேடிய அதே சபை குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது!

தம்மைக் காப்பவருக்குத் தீங்கு நேருமென அஞ்சி, மார்ச் மாதம் 25ஆம் நாள் அவர் அவ்வில்லத்தை விட்டு நீங்கினார். இரண்டு நாட்களில் கிளமார் என்னும் ஊரிற் பிடிபட்டார். சிறையிலிட்ட சின்னாளில் அறையில் உயிரற்றுக் கிடந்தார். நஞ்சுண்டு இறந்தாரோ, நலிவினால் இறந்தாரோ என்பது இன்றளவும் துணியப்படவில்லை. 1795இல் அதே சபை அவரது இறுதி நூலின் மூவாயிரம் பிரதிகளை வாங்கி நாடெங்கும் வழங்கியது.

அவர் கருத்துக்கள் மெல்லவே சட்டமாயின. 1802இல் மீண்டும் தலையெடுத்த அடிமை முறை 1848இல் முற்றும் ஒழிந்தது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். மரண தண்டனை நீங்கியது 1981இல். 1989இல் பாரிஸின் பாந்தியன் மண்டபத்தில் அவருக்குச் சிறப்புச் செய்தபோது வைத்த பேழை வெறுமையானது. அவர் உடலின் எச்சம் எங்கும் கிடைத்திலது.

உடல் அழிந்தது, கருத்து நின்றது. எனினும் ஒன்று கருதற்பாலது. வாக்குரிமையைச் சட்டம் நமக்கு அளித்தல் கூடும்; அதனைப் பயன்படுத்தும் தெளிவை அளிக்கவல்லது கல்வியே. கலாசாலை மாணவராகிய நாம் பெறும் கல்வி நம் பிழைப்பிற்கு மட்டும் உரியதன்று; நம்மோடு வாக்களிக்கும் அனைவருக்கும் நாம் பட்ட கடன் அது. அக்கடனை உணர்ந்து கற்போமாக.