திரை கண்ட சீர்திருத்தச் செம்மல் கே. சுப்ரமணியம்

சினிமா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் பெரியோர்களிற் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. இளைஞர்களோ அதனைத் தவிர வேறொன்றையும் பேச விரும்புவதில்லை. இருசாராரும் ஒருவாறு அமைதி கொண்டு சிந்திக்க வேண்டுமாயின், தமிழ்ப் படவுலகின் தொடக்க காலத்திலேயே அக்கருவியை அறத்தின் பணிக்கு அமர்த்திய ஒரு பெருமகனின் வாழ்க்கையை அறிந்து கொள்ளுதல் நலம். அவரே டைரக்டர் கே. சுப்ரமணியம் அவர்கள்.

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில், 1904 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20 ஆம் நாள், வைதிக ஒழுக்கம் மிக்க அந்தணர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். எனினும் அவருடைய நாட்டம் நாடகத்திலும் கதையிலும் சென்றது. ஊமைப் படங்கள் ஓடிய அக்காலத்தில் டைரக்டர் ராஜா சாண்டோவுடன் சேர்ந்து பணியாற்றிப் படத் தொழிலின் நுட்பங்களைக் கற்றுக் கொண்டார். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கூத்தாடிகளோடு சேர்வதா என்று ஊர் பழித்த காலம் அது. கையிலிருந்த கௌரவமான தொழிலை விட்டு, பழிக்கப்பட்ட தொழிலைத் தேடிச் சென்றார் அவர்.

1934 ஆம் ஆண்டில் அவர் நெறிப்படுத்திய பவளக்கொடி வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலக்ஷ்மியும் திரையில் அறிமுகமானது அப்படத்திலேதான். விளக்கொளி போதாத காலமாகையால் சூரிய வெளிச்சத்தையே நம்பிப் படம் பிடித்தார்கள். மேகம் மறைத்தால் வேலையும் நின்றுவிடும். பாட்டுக்கள் நிறைந்த அப்புராணப் படம் பெருவெற்றி பெற்றது. அதே வழியில் ஆண்டுக்கொரு படம் எடுத்துப் பொருள் சேர்த்துக் கொண்டே போயிருக்கலாம். ஆனால் அவர் மனம் அதில் நிறைவு கொள்ளவில்லை.

1937 இல் பாலயோகினி வந்தது. கைம்பெண்களின் துயரத்தையும், சாதிக் கொடுமையையும் எடுத்துரைத்த படம் அது. ஆதரவற்ற உயர்குலப் பெண்கள், தாழ்த்தப்பட்டவன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வேலைக்காரனின் குடிசையில் புகலிடம் பெறுகிறார்கள். ஊர் அதனைப் பொறுக்கவில்லை. அறிவு முதிர்ந்தோர் காணாத நியாயத்தை ஒரு சிறு குழந்தை எடுத்துச் சொல்கிறது. அக்குழந்தையாக நடித்த பேபி சரோஜாவின் புகழ் பட்டிதொட்டியெங்கும் பரவி, அந்நாளிற் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்ற பெயரே சூட்டப்பட்டது.

அப்படத்தில் கைம்பெண் வேடத்திற்கு உண்மையிலேயே கணவனை இழந்த ஓர் அந்தணப் பெண்மணியை நடிக்கச் செய்தார் சுப்ரமணியம். வீட்டின் இருட்டறைக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டியவள் என்று சமூகம் விதித்த ஒருத்தியை ஆயிரமாயிரம் பேர் காணத் திரையில் நிறுத்தினார். கும்பகோணத்து வைதிகர்கள் கொதித்தெழுந்து அவரைச் சாதியை விட்டே விலக்கி வைத்தார்கள். அவர் கலங்கினாரில்லை. அந்தப் படத்தோடு நிறுத்திக் கொள்ளவுமில்லை.

அடுத்த ஆண்டே, 1938 இல், சேவாசதனம் எடுத்தார். இந்தி நாவலாசிரியர் பிரேம்சந்தின் கதையைத் தழுவிய அப்படத்தில்தான் எம். எஸ். சுப்புலக்ஷ்மி முதன்முதலாகத் திரையில் தோன்றினார். இளம்பெண்ணை முதியவருக்கு மணமுடிக்கும் கொடுமையை அது கண்டித்தது. ஏறக்குறைய அதே வேளையில், 1937 இல், மராத்தி நாட்டிலே வி. சாந்தாராமும் இதே கொடுமையைப் பொருளாகக் கொண்டு குங்கு என்ற படத்தை உருவாக்கினார். வங்காளத்தவரான ஹிமான்சு ராய் 1936 இல் பம்பாயில் தயாரித்த அச்சுத் கன்யா தீண்டாமையைப் பேசிற்று. இவ்வாறு பாரத நாட்டின் பல மூலைகளிலும் சமூகச் சீர்திருத்தப் படங்கள் ஓர் இயக்கம் போலத் தோன்றின. அவ்வியக்கத்தில் தமிழகத்தின் பங்கைத் தம் தோளிற் சுமந்தவர் சுப்ரமணியம்.

அவருடைய புகழின் சிகரம் தியாகபூமி. கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து கொண்டிருக்கையிலேயே படமும் எடுக்கப்பட்டது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படக் காட்சிகளே கதையோடு அச்சாகின. 1939 மே மாதம் 20 ஆம் நாள் படம் வெளியாயிற்று.

பாபநாசம் சிவன் ஏற்ற சம்பு சாஸ்திரி என்ற பாத்திரத்தை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். புயலில் வீடிழந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் இல்லத்தில் இடங்கொடுத்த குற்றத்துக்காக அச்சாஸ்திரியை ஊர் ஒதுக்கி விடுகிறது. அவர் பக்தியிற் சிறிதும் குறையாதவர். அந்தப் பக்தியே அவரைக் கதவு திறக்கச் சொல்கிறது. அவருடைய மகள் சாவித்திரியோ கணவனாற் கொடுமையுற்றுக் கைவிடப்பட்டவள். பின்னர் செல்வம் பெற்று உயர்ந்த நிலையில், கணவன் நீதிமன்றத்தின் துணைகொண்டு அவளைத் திரும்ப அழைக்கும்போது, அவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். 1939 ஆம் ஆண்டில் இப்படியொரு வார்த்தையைப் பெண்ணின் வாயில் வைப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

படம் வெளியாகி இரண்டு மாதங்கூட ஆகுமுன், ஜூலை 8 ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் வைத்தியநாதையர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் பிரவேசித்தார்கள். காலத்தோடு கைகோத்து நடந்த படம் அது. நம் இலங்கையிலும், 1968 ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் சம்பு சாஸ்திரி கேட்ட கேள்வி அப்போதும் விடை பெறாமலே நின்றது.

தியாகபூமியில் தேசிய இயக்கத்தின் குரலும் ஓங்கி ஒலித்தது. காங்கிரஸ் மந்திரி சபை பதவி விலகியபின், பிரிட்டிஷ் அரசாங்கம் அப்படத்தைத் தடை செய்தது. தடை வருகிறதென்று அறிந்ததும் சென்னைக் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே படத்தைக் காட்டினார்கள். மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். பொலிசார் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். ரஷ்ய நாட்டு ஐசன்ஸ்டைனின் பொட்டெம்கின் படத்தையும் பிரிட்டன் நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. ஆளுவோர் திரைக்கு அஞ்சியது இங்கு மட்டுமன்று.

இழப்புக்கள் தொடர்ந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் அவர் முன்னின்று நடத்திய படப்பிடிப்பு நிலையம் தீயிற் சேதமுற்று ஏலத்துக்கு வந்தது. அதனை வாங்கிய எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவாக வளர்த்தார். சந்திரலேகா போன்ற பெரும் படங்கள் பிற்காலத்தில் அங்கிருந்தே பிறந்தன. சுப்ரமணியமோ சோர்ந்து ஒதுங்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பக்தனைப் போற்றும் பக்த சேதாவை 1940 இலும், டி. ஆர். ராஜகுமாரியைப் புகழேணியில் ஏற்றிய கச தேவயானியை 1941 இலும் தந்தார். யுத்த காலத்தில், அரசாங்கம் விரும்பிய வண்ணம், யுத்த ஆதரவுப் படமாக மானசம்ரக்ஷணத்தையும் எடுக்க நேர்ந்தது. தடை செய்யப்பட்டவரே அவ்வாறு எடுத்தாரே என்று சிலர் வியக்கலாம். தொழிலையும் அதை நம்பிய தொழிலாளரையும் காக்கும் பொறுப்பு எளிதானதன்று.

பிற்காலத்தில் அவர் தம் ஆற்றலைப் பிறருக்காகவே செலவிட்டார். நடிகர்களை ஒன்று திரட்டி, 1952 இல் தென்னிந்திய நடிகர் சங்கம் அமைவதற்கு முன்னின்று உழைத்தார். நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியை நிறுவினார். புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் இவருடைய புதல்வியே. 1971 ஏப்பிரல் 7 ஆம் நாள் அப்பெருமகன் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்னாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? பிறர் வீட்டுக் குற்றத்தைப் படமெடுப்பது எளிது. தன் வீட்டுக் குற்றத்தைப் படமெடுப்பது அரிது. சுப்ரமணியம் தாம் பிறந்த குலத்தின் குறையையே முதலில் காட்டினார். தம் சமயத்தை இகழ்ந்து அதைச் செய்தாரல்லர். சம்பு சாஸ்திரியின் உள்ளத்து ஈரத்தைச் சமயத்தின் சாரமாகவே காட்டினார்.

ஒருகாலத்தில் நம் கெலிஓயா வாலிபர்கள் கம்பளைக்கும் கண்டிக்கும் சென்றே படம் பார்த்தனர். இன்றோ உள்ளங்கையிலேயே படம் ஓடுகிறது. இளைஞர்காள்! எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதை எடுத்தவன் தன்னுடைய எதைப் பணயம் வைத்து எடுத்தான் என்று ஒருகணம் கேளுங்கள். பெரியோர்காள்! பிள்ளைகள் படம் பார்க்கிறார்களே என்று வெறுமனே கடிவதை விடுத்து, எது நல்ல படம் என்று அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். தோட்டத்து லயத்திலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ எவர் வந்தாலும், நம் சங்கத்தின் கதவும் கோயிலின் கதவும் நம் மனக்கதவும் ஒருசேரத் திறந்திருக்குமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.