முள்ளிலும் பயன் கண்டவர்

சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ளது வேளச்சேரி. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக விளங்கிய அவ்வூரைச் சுற்றி இன்று கணிப்பொறித் தொழிலகங்கள் பல எழுந்துள்ளன. நாள்தோறும் பல்லாயிரவர் அங்குச் சென்று பணியாற்றுகின்றனர். ஆயின், கணிப்பொறி என்னும் பெயரையே மக்கள் கேட்டறியாத காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அதனை ஆக்கி விற்பதையே தொழிலாகக் கொண்டு துணிந்து இறங்கியோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் வில்லியம் நாரிஸ். போர்க்காலத்தில் கடற்படையில் தொண்டாற்றியவர். பின்பு கணிப்பொறித் தொழிலில் பெரும்புகழ் எய்தியவர்.

நாரிஸ் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1911-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள் பிறந்தார். அவருடைய பெற்றோர் உழுதொழில் செய்து வாழ்ந்தவர். இளமையிலேயே வானொலிக் கருவிகளைத் தம் கையால் அமைத்துப் பார்ப்பதில் அவருக்கு வேட்கை மிகுதி. அவ்வேட்கையே அவரை மின்பொறியியல் பயிலத் தூண்டியது. 1932-ஆம் ஆண்டில் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவ்வேளையில் தந்தையார் காலமானார். நாடெங்கும் தொழில் நலிந்து வேலையின்மை பெருகியிருந்தது. ஆதலின், பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர் மீண்டும் ஏர்த்தொழிலுக்கே திரும்பினார்.

அந்நாளில் கொடிய வறட்சி வந்துற்றது. புல் கருகியது, தீவனம் கிடைக்கவில்லை. அயலார் பலரும் தம் கால்நடைகளை வந்த விலைக்கு விற்றனர். நாரிஸ் விற்க மனம் கொள்ளவில்லை. மழையில்லாத நிலத்திலும் தழைத்து வளர்ந்த ஒருவகை முட்செடி அவர் கண்ணில் பட்டது. உழவர் களையென்று வெறுத்த செடி அது. அதனை அறுத்துத் திரட்டி மாடுகளுக்குத் தீவனமாக இட்டார். கண்டவர் ஐயுற்றனர். எனினும் மாடுகள் அதனைத் தின்று பிழைத்தன. பிறர் பயனற்றதென ஒதுக்கியதில் பயனைக் காணும் இவ்வியல்பே பிற்காலத்தில் அவர் வாழ்வு முழுவதையும் நடத்தியது.

பின்னர் அவர் எக்ஸ்-கதிர்க் கருவிகளை விற்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கடற்படையில் சேர்ந்தார். பகைவர் தம்முள் விடுக்கும் செய்திகளை மறைமொழியில் அனுப்புவர். அம்மறைமொழியை உடைத்துப் பொருள் காணும் பிரிவில் நாரிஸ் பணியாற்றினார். கணித வல்லுநரும் பொறியியலாரும் கூடி உழைத்த இடம் அது. எண்ணற்ற எழுத்துச் சேர்க்கைகளை மனித மூளை ஒவ்வொன்றாக ஆய்ந்து முடிக்க இயலாது. விரைந்து கணிக்கும் பொறி வேண்டும். இவ்வுண்மையை நாரிஸ் அங்கே நேரில் உணர்ந்தார்.

1945-இல் போர் முடிந்தது. அரிய அறிஞர் குழு கலைந்துபோகும் நிலை ஏற்பட்டது. அக்குழுவைக் கலைய விடாமல் காக்க விரும்பிய நாரிஸும் அவர் தோழரும் 1946-இல் செயின்ட் பால் நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். போர்க்காலத்தில் இயந்திரமில்லா வானூர்திகள் செய்யப்பட்ட பழைய தொழிற்சாலையே அவர்களுக்கு இடமாயிற்று. 1950-இல் அவர்கள் ஆக்கிய கணிப்பொறி கடற்படைக்கு அளிக்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் வேறொரு பெருநிறுவனத்தின் கைக்கு மாறியது. அங்கே கணிப்பொறிப் பிரிவின் தலைமை நாரிஸுக்குக் கிடைத்தது. ஆயினும் தக்க முடிவுகள் தக்க காலத்தில் எடுக்கப்படாமை அவரை வருத்தியது. 1957-இல் அப்பதவியைத் துறந்தார்.

அதே ஆண்டில் மினியாபொலிஸ் நகரில் கண்ட்ரோல் டேட்டா என்னும் நிறுவனம் தோன்றியது. பங்கு ஒன்றின் விலை ஒரு டாலரே. நண்பரும் அறிமுகமானவரும் பங்குகளை வாங்கினர். அக்காலத்தில் கணிப்பொறித் தொழிலில் ஐ.பி.எம். நிறுவனமே மலைபோல் ஓங்கி நின்றது. அதனோடு போட்டியிடுதல் அறியாமை எனப் பலர் கருதினர். நாரிஸ் அஞ்சவில்லை. சேமோர் கிரே என்னும் இளம் பொறியாளரின் ஆற்றலை அவர் நன்கு அறிந்திருந்தார். கிரே தனிமையை விரும்பியவர். ஆதலின் அவருடைய பிறந்த ஊரிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்தார். அங்கே துப்புரவாளர் உட்பட 34 பேரே இருந்தனர். அச்சிறு குழுவினர் உருவாக்கிய 6600 என்னும் கணிப்பொறி 1964-இல் வெளிவந்தது. ஒரு நொடியில் ஏறத்தாழ 30 இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றிய அப்பொறியே அந்நாளில் உலகிலேயே விரைவானது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் 3600 என்னும் மற்றொரு கணிப்பொறி மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நிறுவப்பெற்று, நம் நாட்டு ஆய்வாளர் பலருக்கும் உதவியது.

பெரும்போட்டி எளிதில் ஓயவில்லை. ஐ.பி.எம். இன்னும் ஆக்கி முடியாத பொறியை முன்கூட்டியே அறிவித்து வாங்குவோரைக் காத்திருக்கச் செய்கிறது என்று நாரிஸ் குறை கூறினார். 1968-இல் வழக்கும் தொடுத்தார். 1973-இல் அவ்வழக்கு அவர் நிறுவனத்திற்கு நன்மையாக உடன்பாட்டில் முடிந்தது.

நாரிஸின் உள்ளம் பொருளீட்டலோடு நிற்கவில்லை. 1967-இல் மினியாபொலிஸ் நகரில் கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த ஏழைப் பகுதியில் கலகம் நிகழ்ந்தது. செல்வர் பலர் அப்பகுதியை விட்டு விலகினர். நாரிஸோ அங்கேயே ஒரு தொழிற்சாலையை நிறுவினார். வேலையே அறியாதிருந்தவர்க்குப் பயிற்சி தந்தார். தாய்மார் கவலையின்றி உழைக்கக் குழந்தைக் காப்பகத்திற்கும் வழி செய்தார். ஈகைக்காக அன்றி, நிறுவனத்திற்கு உண்மையில் வேண்டிய பொருள்களே அங்குச் செய்யப்பட்டன. முட்செடியில் தீவனத்தைக் கண்டவர், புறக்கணிக்கப்பட்ட மக்களிடத்தில் திறமையைக் கண்டார்.

கணிப்பொறி வாயிலாகக் கல்வி புகட்டும் பிளேட்டோ என்னும் முறையிலும் அவர் பெரும்பொருளைச் செலவிட்டார். அதற்கேற்ற ஆதாயம் கிட்டவில்லை. 1980-களின் நடுவில் நிறுவனம் பெரும் இழப்பிற்கு உள்ளாயிற்று. 1986-இல் நாரிஸ் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் தொடங்கிய செயல்கள் யாவும் வெற்றி பெற்றன என்று கூற இயலாது. எனினும் கணிப்பொறியால் கல்வி பயிலும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருத்தலைக் காண்கிறோம்.

நாரிஸ் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். வறண்ட நிலத்திலும் கலைந்துபோகவிருந்த குழுவிலும் கலகம் நிகழ்ந்த தெருவிலும், பிறர் கண்ணுக்குப் புலப்படாத பயனை அவர் கண்டார். உலகம் ஒதுக்கியதை ஒரு முறை உற்று நோக்குக என்பதே அவர் வாழ்வு இளைஞர்க்குக் கற்பிக்கும் பாடமாகும்.