வெல்டிங் மெஷினில் கம்பி ஏன் தானாக வருகிறது? 1888-லேயே யோசித்த ஸ்லாவ்யானோவ் யார்?

மிக் வெல்டிங் மெஷினை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இரண்டு திருகுகளில்தான். ஒன்று வோல்டேஜ். இன்னொன்று, டார்ச்சிலிருந்து கம்பி எவ்வளவு வேகமாக வெளியே வரணும் என்பது. இந்த இரண்டும் எதுக்காக இருக்குன்னு புரிய, ரஷ்யாவில் 43 வயது வரை மட்டுமே வாழ்ந்த ஒரு இன்ஜினீயரின் கதை உதவும்.

பீரங்கி ஆலையில் ஒரு சிக்கல்

நிகோலாய் ஸ்லாவ்யானோவ் 1854-ல் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுரங்கக் கல்லூரியில் 1877-ல் படிப்பை முடித்தார். சில ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு, 1883-ல் யூரல் மலைப் பகுதியில் இருக்கும் பெர்ம் பீரங்கித் தொழிற்சாலைக்கு வந்தார். பின்னாளில் அந்த ஆலையின் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது.

அந்தக் காலத்தில் நீராவி இன்ஜினின் பெரிய பாகம் ஒன்று விரிசல் விட்டால் அவ்வளவுதான். பெரும்பாலும் புதுசாகத்தான் செய்யணும். செலவும் அதிகம், நாளும் அதிகம்.

இன்னொரு ரஷ்யக் கண்டுபிடிப்பாளரான நிகோலாய் பெனார்டோஸ், 1880-களின் தொடக்கத்திலேயே மின்பொறியால் உலோகத்தை ஒட்டவைத்துக் காட்டியிருந்தார். ஆனால் அவர் பயன்படுத்தியது கார்பன் குச்சி. அது உருகி இணைப்பில் சேராது. இடைவெளியை நிரப்ப வேறு உலோகத்தைத் தனியாகக் காட்டணும்.

ஸ்லாவ்யானோவ் என்ன மாற்றினார்?

கார்பனைத் தூக்கிவிட்டு, உலோகக் கம்பியிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சினார். பொறியும் அதிலிருந்தே வரும், உருகி விரிசலை நிரப்புவதும் அதுவே. பேட்டரியை நம்பாமல், வெல்டிங்குக்காகவே ஒரு டைனமோவையும் வடிவமைத்தார்.

இங்கேதான் புதுப் பிரச்சினை. கம்பி உருக உருகக் குட்டையாகும். வேலைப் பொருளுக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி கூடினால் பொறி அணைந்துவிடும். குறைந்து தொட்டுவிட்டால் கம்பி ஒட்டிக்கொள்ளும். இதுக்காக, கம்பி கரையும் அளவுக்கு அதை முன்னால் நகர்த்தி இடைவெளியைக் காக்கும் ஒரு கருவியை அவர் உருவாக்கினார். உருகிய உலோகத்தைக் காற்று கெடுக்காமல் இருக்க, பொடித்த கண்ணாடியைத் தூவினார்.

1888 அக்டோபரில், ஒரு நீராவி இன்ஜினின் தண்டை இந்த முறையில் சரிசெய்து காட்டினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு, ஒன்றோடொன்று எளிதில் சேராத எட்டு உலோகங்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ஒரு கோப்பையை அனுப்பினார். அங்கே பதக்கமும் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 1897-ல், அவர் இறந்துபோனார்.

மிக் மெஷினில் அவர் எங்கே இருக்கார்?

இன்றைய மிக் முறை 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. அது தீர்ப்பது அதே மூன்று பிரச்சினைகளைத்தான்.

கம்பி: காயிலிலிருந்து மோட்டார் கம்பியை ஒரே வேகத்தில் தள்ளும். கை கொஞ்சம் விலகி இடைவெளி கூடினால் கரண்ட் குறையும், கம்பி மெதுவாக உருகும், இடைவெளி தானாகவே பழைய அளவுக்கு வரும். ஸ்லாவ்யானோவ் தனிக் கருவி வைத்துச் செய்ததை இங்கே மெஷினே பார்த்துக்கொள்கிறது.

காற்று: கண்ணாடிப் பொடிக்குப் பதில் கேஸ். பட்டறைக்குள் செய்யும் சாதாரண இரும்பு வேலைக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வைக்கலாம். ஃபேன் காற்று நேராகப் பட்டால் கேஸ் கலைந்து, இணைப்பில் ஓட்டை ஓட்டையாக வரும்.

மின்சாரம்: கேஸோடு சாதாரண இரும்புக் கம்பி போட்டால் டார்ச் பாசிட்டிவ், எர்த் நெகட்டிவ். கேஸ் தேவைப்படாத கம்பி என்றால் பெரும்பாலும் இது தலைகீழ். எர்த் கிளாம்ப் மாட்டும் இடத்தில் துருவும் பெயின்டும் இருக்கக் கூடாது.

முதல் நாள் எப்படி செட் பண்ணுவது?

மெல்லிய தகட்டுக்கு 0.8 மி.மீ. கம்பி போதும். முகத்துக்கு வெல்டிங் ஷீல்டு, கைக்குத் தோல் கையுறை இரண்டும் கட்டாயம். தகட்டின் தடிமனுக்கு ஏற்ற வோல்டேஜ், மெஷினோடு வரும் அட்டவணையில் இருக்கும். அதை வைத்துவிட்டு, கம்பி வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். கம்பி தகட்டில் குத்தி டார்ச்சைப் பின்னால் தள்ளினால் வேகம் அதிகம். டார்ச் முனை வரை உருகி ஒட்டிக்கொண்டால் வேகம் குறைவு. சரியாக அமைந்தால், எண்ணெயில் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் கேட்கும்.

முதலில் பழைய தகட்டில் பழகுங்கள். சத்தம் சீராக வந்த பிறகு வேலைப் பொருளில் கை வைக்கலாம். ஸ்லாவ்யானோவ் வாழ்ந்த பெர்ம் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.