வெந்நீரும் ஒரு பங்குத்தந்தையும்

காலையில் எழுந்ததும் நம்மில் பலர் தேடுவது ஒரு வாய் காப்பி. தண்ணீர் வர அரை மணி தாமதமானால் நம் வாட்ஸ்அப் குழு என்ன பாடுபடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வட கொரியாவின் போர்க் கைதிகள் முகாம் ஒன்றில், உறைய வைக்கும் குளிரில், வெறும் வெந்நீரைக் காப்பி என்று சொல்லிச் சக கைதிகளுக்குக் கொடுத்த ஒரு பாதிரியாரைப் பற்றி இந்த முறை உங்களுக்குச் சொல்கிறேன். பெயர் எமில் கபான்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், செக் மொழி பேசும் விவசாயிகள் குடியேறிய பில்சன் என்ற சிற்றூரில் 1916இல் பிறந்தவர். 1940இல் குருப்பட்டம் பெற்றதும் சொந்த ஊர்க் கோயிலுக்கே அனுப்பிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நேற்றுவரை எமில் என்று கூப்பிட்ட பையனிடம் ஊர்ப் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்! அவருக்கே அது சங்கடமாகத்தான் இருந்தது. 1944இல் ராணுவ ஆன்மகுருவாகச் சேர்ந்தார். பர்மாவிலும் நம் இந்தியாவிலும்கூடப் பணியாற்றியிருக்கிறார். இடையில் ஊர் திரும்பி முதுகலைப் பட்டம் பெற்றவர், 1948இல் மறுபடி ராணுவத்துக்குப் போனார்.

1950இல் கொரியப் போர். ஜீப்பின் முன்மூடிதான் அவருக்குப் பலிபீடம். ஜீப் இல்லாதபோது ஒரு பழைய சைக்கிளில் படைவீரர்களைத் தேடிப் போவார். நவம்பர் தொடக்கத்தில் உன்சான் என்ற இடத்தில் சீனப் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வழி இருந்தும், காயம்பட்டவர்களை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். கணுக்கால் உடைந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற வீரரின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். இவர் நேராகப் போய் அந்தத் துப்பாக்கியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சிப்பாய் ஏன் சுடவில்லை என்பது மில்லருக்கே கடைசிவரை புரியவில்லை.

யாலு ஆற்றங்கரையில் பியோக்தோங் முகாம். பட்டினியும் வயிற்றுக்கடுப்புமாகக் கைதிகள் மடிந்துகொண்டிருந்தார்கள். இடிந்த வீட்டுக் கூரைத் தகட்டைக் கல்லால் தட்டித் தட்டிப் பாத்திரம் செய்தார். நான் முதலில் சொன்ன வெந்நீர் கொதித்தது அதில்தான். எழ முடியாதவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்தார், பேன் பார்த்தார். இரவில் பதுங்கிப் போய்ச் சோளமும் தானியமும் திருடிவந்தார். சாமியார் திருடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கிளம்புமுன் அவர் வேண்டிக்கொண்டது, இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனான புனித திஸ்மாஸை!

1951 மார்ச் 25, ஈஸ்டர். காவலர்கள் பார்க்க, திறந்தவெளியில் வழிபாடு நடத்தினார். வேறு சபையினரும் வேறு மதத்தினரும் அதில் நின்றார்கள். பிறகு அவர் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது, நிமோனியாவும் சேர்ந்தது. மருத்துவமனை என்று பெயர் வைத்த ஓர் இடத்துக்குக் காவலர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். அங்கே போனவர்கள் திரும்புவது அரிது என்பதால் கைதிகள் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மே 23 அன்று இறந்தார். வயது 35.

2013இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவருக்கு அறிவித்தபோது மில்லர் அந்த விழாவுக்கு வந்திருந்தார். உடல் எங்கே என்பது அப்போதும் தெரியாது. ஹவாயில் பெயர் தெரியாத வீரர்களோடு புதைக்கப்பட்டிருந்த எலும்புகள் அவருடையவை என்று 2021இல்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது விச்சிட்டா நகரப் பேராலயத்தில் இருக்கிறார்.

அதே நகரில் அவர் பெயரில் ஒரு பள்ளி உண்டு. அங்கே ஒரு மரச் சிலுவை இருக்கிறது. முகாமில் விறகுக் கட்டையைச் செதுக்கி அதைச் செய்தவர் ஜெரால்டு ஃபிங்க் என்ற யூத விமானி. கபான் இறந்தபின் அந்த முகாமுக்கு வந்தவர், அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. மற்ற கைதிகள் சொல்லக் கேட்டதோடு சரி. 1953இல் விடுதலையானபோது கைதிகள் அந்தச் சிலுவையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.