இரும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த மனுஷன்: யார் இந்த ஹென்றி சார்பி?

இரும்பு, கோபால்ட், குரோமியம், நிக்கல் நான்கையும் சம அளவில் கலந்து, அதில் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறுகிறது. கடினத்தன்மையும் ஏறுகிறது. 'ஹை என்ட்ரோபி' உலோகக் கலவைகள் என்று 2004 முதல் பேசப்படுபவை இவைதான். எந்த லேபில் ஆய்வு நடந்தாலும் வழக்கமான வேலை ஒன்றுதான்: துண்டை வெட்டு, பாலிஷ் போடு, அமிலத்தால் அரி, மைக்ரோஸ்கோப்பில் பார்.

இந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. 1826-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே பிறந்தவர். கத்தி, உளி செய்யும் தொழிலில் பரம்பரையாக இருந்த குடும்பம். 1847-ல் அப்பா இறந்ததும் சொத்து கைக்கு வந்தது. சார்பி வேலைக்கே போகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே லேப்!

முதலில் பாறைகள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்துப் பார்த்தார். மலையை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதா என்று அப்போதே கிண்டல் செய்தார்கள். அப்புறம் விண்கற்கள். அதில் இருந்த இரும்புதான் 1863-ல் அவரை எஃகு பக்கம் இழுத்தது. வெறும் பாலிஷ் போட்டால் எஃகு கண்ணாடி மாதிரிதான் தெரியும். நீர்த்த நைட்ரிக் அமிலம் பட்டால் சில பகுதிகள் அதிகமாக அரிக்கும், சில குறைவாக. அப்போதுதான் உள்ளமைப்பு தெரிகிறது.

1864-ல் பாத் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த நாளில் ரயில் விபத்து நடந்து, தண்டவாளத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள் என்று சொல்லியிருந்தால், தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். தண்டவாளம் ஏன் உடைகிறது என்பதற்கான விடை அந்த உள்ளமைப்பில்தான் இருந்தது என்பதுதான் இதில் வேதனை.

சுமார் 20 ஆண்டுகள் வேறு ஆராய்ச்சிகளில் போயின. இதற்கிடையே, 1878-ல், ஜெர்மனியில் அடால்ஃப் மார்ட்டென்ஸ் தனியாகவே இதே வேலையைத் தொடங்கிவிட்டார். 1880-களில் சார்பி திரும்பி வந்து, 650 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார். முத்துப்போல மினுங்கிய பகுதி, மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய தகடுகள்! இன்று அதற்குப் பெயர் பெர்லைட். எஃகின் கடினம் எங்கிருந்து வருகிறது என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1908-ல், 81 வயதில் காலமானார். எஃகின் ஓர் உள்ளமைப்புக்கு அவர் நினைவாக 'சார்பைட்' என்று பெயர் வைத்தார்கள். அது மிக நுண்ணிய பெர்லைட்தான் போன்ற விளக்கங்கள் வந்த பிறகு, பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் அரிதாகிவிட்டது. மார்ட்டென்ஸ் பெயரில் உள்ள மார்ட்டென்சைட் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.