பார்க்கப்பட்டவள் பார்த்தாள்

1883-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரம். மோமார்த்ர் குன்றிலே வாழ்ந்த இளம்பெண் ஒருத்தியின் உருவம் அந்த ஒரே ஆண்டில் இரு கைகளால் தீட்டப்பட்டது.

ஒரு கை ரெனுவாருடையது. உலகம் போற்றும் ஓவியர் அவர். அவர் படத்திலே அந்தப் பெண் ஆடுகிறாள். தலையிலே சிவப்புக் குல்லாய், கன்னத்திலே ரோஜா நிறம், ஆடவன் அணைப்பிலே துவளும் இடை. பார்ப்பவர் சொக்கிப் போவர். அமெரிக்காவிலே, பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திலே இருக்கிறது அந்தப் படம்.

மற்றொரு கை, அந்தப் பெண்ணின் சொந்தக் கை. வண்ணக் கட்டியை எடுத்துத் தன் முகத்தைத் தானே வரைந்தாள். அதிலே ரோஜா இல்லை, சிரிப்பு இல்லை, குழைவு இல்லை. இறுகிய உதடு. எதிரே நிற்பவரை எடைபோடும் கண். வயது பதினெட்டு, ஆனால் அந்த முகத்திலே நாற்பது வயதுக்கான அனுபவம்!

ஒரே பெண், ஒரே ஆண்டு, இரண்டு முகம். எது அவள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே அவள் தன் வாழ்நாளைச் செலவிட்டாள். அவள்தான் சூசன் வாலதோன்.

தோழர்களே! ஓவியர் வரலாறு என்றதும், அது மாளிகைவாசிகளின் பொழுதுபோக்கு, நமக்கேன் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இவள் மாளிகையிலே பிறந்தவளல்ல. பிறருடைய அழுக்குத் துணியை வெளுத்து வயிறு வளர்த்த தாயின் மகள்.

1865-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், பிரான்சு நாட்டிலே, லிமோஜ் நகரத்தை அடுத்த பெசீன் என்ற சிற்றூரிலே பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் மரி கிளெமான்தின். பெற்றோர் என்றேனே, தவறு! பெற்றவள் மட்டும்தான். தகப்பன் பெயர் பதிவேட்டிலே இல்லை. மணமாகாத தாய் என்றால் ஊர் எப்படிப் பேசும் என்பது நமக்குத் தெரியாததா? அந்தத் தாய், மதலேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாரிசுக்கு வந்தாள். மோமார்த்ர் குன்றிலே வாடகை மலிவு. அங்கே தங்கித் துணி வெளுத்தாள், வீடு பெருக்கினாள், பிள்ளையை வளர்த்தாள்.

பிள்ளை பள்ளியிலே நீடிக்கவில்லை. பதினோரு வயதளவிலே வேலைக்குப் போனாள். தொப்பி தைக்கும் கடையிலே வேலை. சாவு வீட்டுக்கு மலர்வளையம் கட்டும் பட்டறையிலே வேலை. காய்கறி விற்றாள். உணவு விடுதியிலே பரிமாறினாள். பிறகு சர்க்கஸ் கூடாரம்! அந்தரத்திலே ஊஞ்சலாடும் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒருநாள் அந்தரத்திலிருந்து தரைக்கு விழுந்தாள். பிழைத்தாள், சர்க்கஸ் பிழைப்பு போயிற்று.

அந்தக் குன்றிலே மீதமிருந்த பிழைப்பு ஒன்று: ஓவியர் முன்னால் நிற்பது. மாடல் என்பார்கள் அந்த வேலையை. நில் என்றால் நிற்க வேண்டும், குனி என்றால் குனிய வேண்டும். கை மரத்துப் போனாலும் அசையக் கூடாது. நின்ற நேரத்துக்குக் கூலி. ஊர் வைத்த பட்டமோ, உடலைக் காட்டிப் பிழைப்பவள் என்பது!

நெசவாலையிலே எட்டு மணி நேரம் நிற்பவன் எதை விற்கிறான்? கால் வலியை விற்கிறான், தோள் வலிமையை விற்கிறான். அவளும் அதைத்தான் விற்றாள். ஆலையிலே நிற்பவனுக்குத் தொழிலாளி என்று பெயர். ஓவியன் எதிரே நின்றவளுக்கு மட்டும் வேறு பெயர்! நின்றவளுக்கு இழிவு, வரைந்தவனுக்குப் புகழ், வாங்கியவனுக்கு ரசிகன் என்ற பட்டம். விந்தையான நீதி!

பல ஆண்டுகள் அவள் அப்படி நின்றாள். புவி த ஷவான் என்ற முதிய ஓவியர் அவளைப் பார்த்துப் புராண காலத்துப் பளிங்கு மங்கையரைத் தீட்டினார். ரெனுவார் ஆடலழகியைத் தீட்டினார். கால் வளர்ச்சி குன்றிய உயரம், கூரிய மூளை படைத்த துலூஸ் லோத்ரெக், சாராயக் கடை மேசையிலே, பாட்டிலுக்கு எதிரே, வெறித்த பார்வையோடு குந்தியிருக்கும் பெண்ணைத் தீட்டினார். ஒரே உடல்தான். ஒருவருக்குத் தேவதை, ஒருவருக்குப் பூச்செண்டு, ஒருவருக்குக் குடிகாரி. அவரவர் தேடியதை அவரவர் கண்டனர்.

உடல்தான் அசையாமல் நின்றது. கண்ணை யார் கட்ட முடியும்? ஓவியர் அவளைப் பார்த்தபோதெல்லாம் அவளும் ஓவியரைப் பார்த்தாள். கோட்டை எங்கே தொடங்குகிறார், நிழலை எங்கே நிறுத்துகிறார், தவறிய இடத்தை எப்படித் திருத்துகிறார் என்பதையெல்லாம் பார்த்தாள். அரசாங்க ஓவியக் கல்லூரியோ, பெண்களுக்கு 1897 வரை கதவு திறக்கவில்லை. அவளுக்குக் கல்லூரி, அவள் கூலிக்கு நின்ற கூடம்தான். கூலியும் பெற்றாள், கல்வியும் பெற்றாள். பின்னதைக் கொடுத்தவர்களுக்கே அது தெரியவில்லை!

சூசன் என்ற பெயர் வந்த கதையைக் கேளுங்கள். விவிலியத்தை ஒட்டிய பழங்கதை ஒன்றிலே சூசன்னா என்றொரு பெண். அவள் குளிப்பதை இரண்டு கிழவர்கள் ஒளிந்திருந்து பார்த்தனர். இணங்க மறுத்தவள்மேல் பழியும் சுமத்தினர். வயது முதிர்ந்த ஓவியர்கள் எதிரே நிற்கிறாளே என்று, கேலியாக அந்தப் பெயரை அவளுக்குச் சூட்டியவர் லோத்ரெக். அவள் சினந்தாளா? இல்லை. கேலிப் பெயரையே எடுத்துத் தன் சித்திரத்தின் அடியிலே கையெழுத்தாகப் போட்டாள். கிழவர்கள் பார்த்த சூசன்னா கதையிலே இருந்தாள். பார்ப்பவர்களைத் திருப்பிப் பார்த்த சூசன் மோமார்த்ரிலே இருந்தாள்.

அவள் சித்திரங்களைக் கண்டு வியந்தவர்களிலே முதன்மையானவர் டெகா. எளிதிலே யாரையும் புகழாதவர், சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அவரே அவள் சித்திரங்களை விலை கொடுத்து வாங்கினார். உலோகத் தகட்டிலே சித்திரம் எடுக்கும் தொழிலையும் கற்றுக் கொடுத்தார்.

அது எப்படிப்பட்ட தொழில்? தகட்டின்மேல் மெழுகும் கொழுப்பும் கலந்த மென்மையான பூச்சைப் பூசுவார்கள். அதன்மேல் காகிதத்தை விரித்து, பென்சிலால் வரைவார்கள். அழுத்திய இடத்திலே பூச்சு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே மட்டும் உலோகம் வெளியே தெரியும். தகட்டை அமிலத்திலே இட்டால், தெரிந்த இடத்தை அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்திலே மை நிரப்பி, ஈரக் காகிதம் வைத்து, அச்சு இயந்திரத்திலே கொடுத்து அழுத்தினால் சித்திரம் தயார். போட்ட கோட்டை எளிதிலே அழிக்க முடியாத தொழில் இது. தடுமாறுகிற கைக்கு இதிலே இடமில்லை. அந்தரத்து ஊஞ்சலிலே பழகியவளுக்குத் தெரியாதா, பிடி தவறக் கூடாது என்பது!

எதை வரைந்தாள்? ஆடையற்ற பெண் உருவங்களை. இங்கேதான் அவளுக்கும் மற்றவர்க்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். அந்நாளில் கூடங்களிலே தொங்கிய நிர்வாணப் படங்களிலே பெண் சாய்ந்து கிடப்பாள். தன்னை ஒருவன் பார்க்கிறான் என்பது தெரிந்து, பார்க்கட்டும் என்பதுபோலப் படுத்திருப்பாள். தோலிலே சுருக்கமிராது, காலிலே அழுக்கிராது, முகத்திலே நினைப்பிராது. வேலையே செய்தறியாத உடல் அது.

சூசன் வரைந்த பெண்ணோ தொட்டியிலே குளித்துவிட்டுக் குனிந்து கால் துடைக்கிறாள். தலை வாருகிறாள். அக்குளைத் துவட்டுகிறாள். அருகே வேலைக்காரக் கிழவி துண்டோடு நிற்கிறாள். முதுகெலும்பு தெரிகிறது, வயிறு மடிகிறது, பாதம் தரையிலே பாரமாக ஊன்றியிருக்கிறது. யாருக்காகவும் அவள் தன்னைக் காட்டவில்லை. தன் வேலையைப் பார்க்கிறாள்.

அவளுக்கு மாடல் தேடிப் பணம் கொடுக்க வசதியில்லை. வீட்டிலிருந்தவர்களே உருவங்கள். தள்ளாத தாயை வரைந்தாள். மகனின் முகத்தை வரைந்தாள். கேத்தரின் என்ற பெண்ணின் பெயர் அவள் அச்சுச் சித்திரங்களிலே மீண்டும் மீண்டும் வருகிறது.

வேலை செய்த முறையும் தனி. கரியாலோ பென்சிலாலோ உருவத்தின் எல்லைக்கோட்டை முதலிலே பிடிப்பாள். அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய காகிதத்தை வைத்து மறுபடி எடுப்பாள். எடுக்கும்போதே வேண்டாத கோடுகளை விட்டுவிடுவாள். இப்படிக் களைந்து களைந்து, கடைசியிலே நிற்கும் கோடு கம்பிபோல இறுகியிருக்கும். குனிந்த உருவம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைத் தனியாக ஒரு படத்திலே வைப்பாள். வேறொன்றிலே கிழவியோடு சேர்ப்பாள். நல்ல தச்சன் ஒரே அளவுச் சட்டத்தைப் பல வேலைக்கும் பயன்படுத்துவதில்லையா, அதுபோல. வண்ணம் தீட்ட வந்த பிறகும் அந்தக் கோட்டை அவள் விடவில்லை. உடலைச் சுற்றிக் கறுத்த கோடு வரம்பு கட்டி நிற்கும். ஒருகாலத்தில் தானே மணிக்கணக்கில் நின்றவள். எந்தத் தசை வலிக்கும், எந்த மூட்டு பாரம் தாங்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1894-ஆம் ஆண்டு தேசியக் கலைச் சங்கத்தின் கண்காட்சியிலே அவள் சித்திரங்கள் இடம்பெற்றன. விமர்சகர்கள் பாராட்டினார்கள். எப்படி? ஆண்மை மிக்க கோடு என்று! பெண் திறமை காட்டினால், அந்தத் திறமைக்கும் ஆண் பெயரா? பாராட்டிலேகூடப் பறிமுதல்!

1896-ல் செல்வர் ஒருவரை மணந்தாள். வசதி வந்தது, அமைதி நிலைக்கவில்லை. 1909-ல், நாற்பத்து நான்காம் வயதிலே, தன் மகனின் நண்பன் ஆந்த்ரே உத்தேரை, தன்னைவிட இருபத்தோரு வயது இளையவனைக் காதலித்தாள். பழைய வாழ்வை உதறினாள். கிழவர்கள் இளம்பெண்களை மணந்தபோது மௌனமாயிருந்த ஊர், இப்போது வாய் கொள்ளாமல் பேசியது.

அந்த ஆண்டே அவள் தீட்டிய படம், ஆதாமும் ஏவாளும். ஏவாள் அவளேதான். ஆதாம் உத்தேர். அவள் கனியை எட்டுகிறாள். அவன் அவள் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறான். தடுக்கிறானா, துணை நிற்கிறானா? பார்ப்பவர் தீர்மானிக்கலாம். இருவரும் ஆடையின்றி நிற்கின்றனர். பெண்ணொருத்தி ஆணின் திறந்த மேனியைத் தீட்டுவதா! பிற்பாடு அந்தப் படத்திலே ஆதாமின் இடுப்பைச் சுற்றி இலைகள் ஏறின. பழைய புகைப்படத்திலே அந்த இலைகள் இல்லை. ஏவாளுக்கு இலை கிடைத்ததா? இல்லை! பெண்ணின் மேனி அப்படியே இருக்கலாம். ஆணின் மானத்துக்கு மட்டும் மறைப்பு வேண்டும்! நூறு மேடைப் பேச்சு சொல்ல வேண்டியதை அந்தச் சில இலைகள் சொல்லிவிட்டன. அவள் ஓய்ந்தாளா? 1914-ல் வலை வீசும் ஆடவனின் முறுக்கேறிய உடலை மூன்று நிலைகளிலே, ஆளுயரத்துக்குத் தீட்டிக் கண்காட்சிக்கு வைத்தாள்.

வீட்டிலே துயரமும் இருந்தது. மகன் மொரீஸ் உத்ரில்லோ இளமையிலேயே குடிக்கு அடிமையானான். மருத்துவமனைக்கும் தெருவுக்குமாக அலைந்தவன் கையிலே தூரிகையைக் கொடுத்து வரையச் சொன்னவள் தாய்தான். அவன் மோமார்த்ர் தெருக்களைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்றான். குடி ஒழியவில்லை, ஆனால் ஓவியன் பிறந்தான்.

1919-ல் கறுப்பினப் பெண்ணொருத்தியை வைத்துச் சில ஓவியங்கள் தீட்டினாள். அதுவரை அந்நாட்டுப் படங்களிலே கறுத்த மேனி, பெரும்பாலும் வெள்ளை எசமானிக்குப் பின்னால் தட்டேந்தி நிற்கும். சூசன் அந்தப் பெண்ணைப் படத்தின் நடுவே நிறுத்தினாள். அழகின் தெய்வமான வீனஸ் என்றே அவளுக்குப் பெயரிட்டாள்.

1923-ல் நீல அறை என்ற படம். பழைய ஓவியங்களிலே வீனஸ் சாய்ந்து கிடப்பாளே, அதே கிடை, அதே கட்டில். ஆனால் இவள் ஆடை உடுத்தியிருக்கிறாள். கோடு போட்ட கால்சட்டை, வாயிலே சிகரெட், காலடியிலே இரண்டு புத்தகங்கள். உழைத்துக் களைத்த பருத்த உடல் தன் அறையிலே இளைப்பாறுகிறது. நம் பக்கம் அவள் திரும்பவே இல்லை! ஆயிரம் நிர்வாணப் படங்களுக்கு அவள் அளித்த பதில் அந்த ஒரு படம். பிரான்சு அரசே அதை விலைக்கு வாங்கியது.

1931-ஆம் ஆண்டு. வயது அறுபதைத் தாண்டி ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மறுபடி தன் உருவத்தைத் தானே தீட்டினாள், திறந்த மார்போடு. தொய்ந்த மார்பு, கழுத்திலே மணிமாலை, இறுகிய உதடு. எதிரே நிற்பவரை எடைபோடும் அதே கண். 1883-ல் தொடங்கிய கேள்விக்கு விடை அது. ரெனுவார் தீட்டிய ரோஜா வாடாது. ஆனால் அது அவளல்ல. வயதேறி வாடிய இந்த முகம்தான் அவள்.

1938 ஏப்ரல் 7-ஆம் நாள் மறைந்தாள். சான்-உவான் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்தார்கள். பிறகு நெடுங்காலம் உலகம் அவளை உத்ரில்லோவின் தாய் என்றும், ரெனுவாரின் மாடல் என்றும் சொல்லி ஒதுக்கியது. உண்மையை எத்தனை நாள் மூலையிலே வைக்க முடியும்? 2021-ல் பிலடெல்பியாவிலும், 2023-ல் மெட்ஸ் நகரிலும், 2025-ல் பாரிசின் போம்பிடு கலைக்கூடத்திலும், அவள் ஓவியங்களுக்கென்றே கண்காட்சிகள் நடந்தன. துணி வெளுத்தவளின் மகளைக் காண வரிசை நின்றது!

பெண்ணின் மேனியை வரைவது இழிவா, உயர்வா என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். சூசன் வாலதோன் வாழ்வு அந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்கிறது. வரையப்படுகிறவள் அங்கே யார்? ஆளா, பண்டமா? பண்டமாக நிறுத்தப்பட்ட இடத்திலேயே நின்று, தொழிலைக் கற்று, பென்சிலைக் கையிலெடுத்து, நான் ஆள் என்று எழுதிக் காட்டினாள் அவள்.

அடுத்த முறை எந்தச் சுவரிலாவது பெண்ணின் படத்தைப் பார்க்கும்போது, தோழனே, ஒரு கணம் நில். அதற்காக அவள் எத்தனை மணி நேரம் நின்றிருப்பாள், அவள் கால் எப்படி வலித்திருக்கும் என்று எண்ணிப் பார். அப்படி எண்ணத் தெரிந்த கண்ணுக்கு எந்தப் படமும் ஆபாசமாகாது. எந்தப் பெண்ணும் பண்டமாக மாட்டாள்.